பழைய தாள்களைக் காத்த அருள்சகோதரிகள்

திருத்தூதர் பவுல் தம் வாழ்வின் கடைசி நாள்களில் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் நான்காம் பிரிவை நாம் பலமுறை வாசிக்கக் கேட்டிருக்கிறோம். நல்லதொரு போராட்டத்தில் ஈடுபட்டதைப் பற்றி அவர் சொல்லும் வரிகள் நம் நினைவில் நிற்கின்றன. அதற்குச் சற்றுக் கீழே வரும் ஒரு சின்ன வேண்டுகோளை நாம் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுகிறோம். துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டு வந்த போர்வையை எடுத்துவரச் சொல்கிறார் பவுல். குளிர்காலம் நெருங்குகிறது, சிறையில் இருக்கிறார், போர்வை வேண்டும். அது நமக்குப் புரிகிறது. ஆனால் அதே மூச்சில் நூல்களையும், குறிப்பாகத் தோல் சுருள்களையும் கொண்டுவரச் சொல்கிறாரே, அது ஏன்? சாவை எதிர்பார்த்திருக்கும் ஒருவருக்குப் பழைய சுருள்கள் எதற்கு?

அந்தச் சுருள்களில் என்ன எழுதியிருந்தது என்று திருமுகம் சொல்லவில்லை. அவை அவருக்குப் போர்வைக்கு இணையான தேவையாக இருந்தன என்பது மட்டும் தெரிகிறது. இந்தச் சிந்தனையோடு, ஜெர்மனி நாட்டில் ரைன் ஆற்றங்கரையில், ரூடெஸ்ஹைம் நகருக்கு மேலே திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் உள்ள ஐபிங்கன் பெனடிக்டின் மடத்துக்கு இன்று செல்வோம். புனித ஹில்டகார்டின் பெயரைத் தாங்கிய பெண் துறவியர் மடம் அது. அங்குள்ள அருள்சகோதரிகள் திருப்பாடல்களைப் பாடுகிறார்கள், திராட்சை பயிரிடுகிறார்கள். பழைய ஏடுகளைக் காப்பதும் அவர்களுக்கு வேண்டுதலோடு சேர்ந்த வேலையாகவே இருந்திருக்கிறது.

ஆவணக் காப்பகம் என்றதும் நமக்குத் தூசு படிந்த அறையும் பூட்டிய அலமாரியும் நினைவுக்கு வருகின்றன. பெனடிக்டின் மடத்தில் அது பீடத்தில் தொடங்குகிறது. நம் முன்னோர் ஆசீர்வாதப்பர் என்று அழைத்த புனித பெனடிக்ட், ஆறாம் நூற்றாண்டில் தம் துறவிகளுக்கு ஓர் ஒழுங்குநூல் எழுதினார். அதன் 58ம் அதிகாரம், புதிதாக வருபவரை மடத்தில் எப்படிச் சேர்ப்பது என்று சொல்கிறது. வார்த்தைப்பாடு கொடுப்பவர் தம் கையாலேயே ஒரு தாள் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவராக இருந்தால் வேறொருவர் எழுதித் தர, அவர் அதில் தம் அடையாளக் குறியை இட வேண்டும். பிறகு அந்தத் தாளைத் தம் கையாலேயே பீடத்தின்மீது வைக்க வேண்டும். வைத்துவிட்டு, ஆண்டவர் தம்மை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டும் திருப்பாடல் வரியைப் பாடுகிறார். குழுமம் முழுவதும் அதை மூன்று முறை திருப்பிப் பாடுகிறது.

அதன்பின் வருவதுதான் நம்மை வியக்க வைக்கிறது. புதியவர் உடுத்திவந்த சொந்த உடையைக் களைந்து, மடத்தின் உடையை அணிவிக்கிறார்கள். களைந்த உடையை எறிந்துவிடுவதில்லை, பத்திரமாக வைக்கிறார்கள். பின்னொரு நாள் அவர் மடத்தை விட்டுப் போக முடிவெடுத்தால், மடத்தின் உடையை வாங்கிக்கொண்டு அவருடைய பழைய உடையைக் கொடுத்து அனுப்ப வேண்டும். பீடத்திலிருந்து எடுத்த அந்தத் தாளை மட்டும் அவருக்குத் திருப்பித் தரக் கூடாது. அது மடத்திலேயே இருக்க வேண்டும். பெனடிக்டின் மடங்களின் காப்பகத்துக்கு இதைவிட ஆழமான அடித்தளத்தை நாம் தேடத் தேவையில்லை.

இந்தத் தாள்களைச் சுற்றியே மற்ற ஏடுகளும் சேர்ந்தன. இறந்த சகோதரிகளின் பெயர்ப் பட்டியல் அவற்றில் ஒன்று. யாருடைய நினைவு நாள் என்று பார்த்து, அந்தந்த நாளில் பெயரைச் சொல்லி வேண்டுகிறார்கள். நிலப் பத்திரங்கள், மடத் தலைவியைத் தேர்ந்தெடுத்த விவரங்கள், வரவு செலவுக் கணக்குகள், வெளியூர்களிலிருந்து வந்த கடிதங்கள், பாட்டு ஏடுகள் எல்லாம் இருந்தன. வழக்குக்கு உதவும் என்பதால் நிலப் பத்திரத்தை எல்லாரும் பத்திரப்படுத்துவார்கள். சமையலறைக் கணக்கைத்தான் முதலில் தூக்கி எறிவார்கள். எந்த ஆண்டில் பஞ்சம் வந்தது, மடத்து வாசலில் எத்தனை பேருக்குக் கஞ்சி ஊற்றினார்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கும்.

ஹில்டகார்ட் 1098ம் ஆண்டு பிறந்தார். 1150ம் ஆண்டையொட்டி பிங்கன் நகருக்கு அருகில் ரூப்பெர்ட்ஸ்பெர்க் என்ற இடத்தில் தம் சகோதரிகளோடு புதிய மடம் அமைத்தார். சகோதரிகளின் எண்ணிக்கை பெருகவே, 1165ம் ஆண்டில் ஆற்றுக்கு அக்கரையில் ஐபிங்கனில் இன்னொரு மடத்தை நிறுவினார். இறைக்காட்சிகளை எழுதினார், பாடல்கள் இயற்றினார், திருத்தந்தையருக்கும் பேரரசருக்கும் தயங்காமல் கடிதம் எழுதினார். 1179ம் ஆண்டு செப்டம்பர் 17ம் நாள் இறந்தார். அவர் எழுதியவற்றை ரூப்பெர்ட்ஸ்பெர்க்கில் தோல் தாள்களில் படியெடுத்து வைத்தார்கள். அவற்றுள் இரண்டு ஏடுகளைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று 'ஸ்கீவியாஸ்' என்ற நூலின் ஓவிய ஏடு. ஹில்டகார்ட் கண்ட காட்சிகளைப் பொன்னும் வெள்ளியும் வண்ணங்களும் கொண்டு தீட்டிய 35 ஓவியங்கள் அதில் இருந்தன. மற்றொன்றை 'பேரேடு' என்ற பொருளில் ரீசன்கோடெக்ஸ் என்று அழைக்கிறார்கள். 481 தோல் தாள்கள் கொண்டது, எடை சுமார் 15 கிலோ. யாரும் எடுத்துச் சென்றுவிடாதபடி மேசையோடு பிணைத்து வைத்த சங்கிலி இன்றும் அதில் தொங்குகிறது. அவருடைய காட்சி நூல்கள், கடிதங்கள், பாடல்கள் ஆகியவற்றின் பெரும்பகுதி இந்த ஒரே ஏட்டில் உள்ளது.

முப்பதாண்டுப் போரின்போது 1632ம் ஆண்டு சுவீடன் படைகள் ரூப்பெர்ட்ஸ்பெர்க் மடத்தை அழித்தன. ஓடிப்போன சகோதரிகள் தங்கள் நிறுவுநரின் திருப்பண்டங்களையும் ஏடுகளையும் காப்பாற்றி, இறுதியில் ஐபிங்கனில் தஞ்சம் புகுந்தார்கள். 15 கிலோ எடையுள்ள ஏடு ஒன்றை அகதிகள் விடாமல் வைத்திருந்ததை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பிறகு 1803ம் ஆண்டு அரசு அந்த மடத்தையும் கலைத்தது. அந்தக் காலத்தில் ஜெர்மனி எங்கும் மடங்களின் சொத்துகளை அரசுகள் எடுத்துக்கொண்டன. 1814ம் ஆண்டோடு சகோதரிகள் முழுவதுமாக வெளியேற வேண்டியதாயிற்று. ஹில்டகார்டின் ஏடுகள் வீஸ்பாடன் நகரில் அரசு நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இப்படிச் சேர்ந்தது ஒரு வகையில் நல்லது என்றும் சொல்லலாம். கலைக்கப்பட்ட பல மடங்களின் தோல் தாள்கள் வேறு புத்தகங்களுக்கு அட்டை கட்டப் பயன்பட்ட காலம் அது.

மடம் மீண்டும் பிறக்க ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. பழைய இடத்துக்கு மேலே குன்றில் புதிய கட்டடம் எழுந்தது. 1904ம் ஆண்டு பிராகு நகரின் புனித கபிரியேல் மடத்திலிருந்து சகோதரிகள் வந்து குடியேறினார்கள். தங்கள் தாயாகக் கருதிய ஹில்டகார்டின் நூல்களைப் படிப்பதும் மொழிபெயர்ப்பதும் அவர்களுக்கு வேலையாயிற்று. ஆனால் ஏடுகள் அவர்களிடம் இல்லை.

1927ம் ஆண்டு அவர்கள் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். ஸ்கீவியாஸ் ஓவிய ஏட்டை முன்னால் வைத்து, தோல் தாளில், எழுத்துக்கு எழுத்து, கோட்டுக்குக் கோடு, வண்ணத்துக்கு வண்ணம் கையாலேயே படியெடுக்கத் துணிந்தார்கள். முடிக்க 1933ம் ஆண்டு ஆயிற்று. ஆறு ஆண்டுகள்! அதற்குள் நிழற்படக் கருவி வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அந்த ஏட்டைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தும் இருந்தார்கள். நூலகத்தில் மூல ஏடு பத்திரமாக இருந்தது. எதற்கு இந்த வீண் உழைப்பு என்று யாராவது கேட்டிருந்தால், அது நியாயமான கேள்வியாகத்தான் இருந்திருக்கும்.

தோல் தாளில் எழுதுவது காகிதத்தில் எழுதுவது போன்றதல்ல. தோலின் முடிப்புறம் ஒரு வகை, சதைப்புறம் வேறு வகை. ஈரம் பட்டால் சுருங்கும், வெப்பத்தில் வளையும். பொன் தகட்டை ஒட்டி மெருகேற்றுவதற்கு மூச்சைக்கூட அடக்கிக்கொள்ள வேண்டும். வேண்டுதலுக்கு மணி அடித்ததும் தூரிகையைக் கீழே வைக்க வேண்டும் என்பது மடத்தின் ஒழுங்கு. இறைப்பணிக்கு முன்னால் எதையும் வைக்காதிருப்பதும் புனித பெனடிக்டின் சட்டமே. பாதி தீட்டிய சிறகையோ முகத்தையோ விட்டுவிட்டுப் பாடற்குழு இருக்கைக்குப் போய், திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும். இப்படி ஆறு ஆண்டுகள்.

1941ம் ஆண்டு ஜூலை 2ம் நாள், நாத்சி அரசின் இரகசியக் காவல்துறை சகோதரிகளை மடத்திலிருந்து வெளியேற்றியது. மடம் மருத்துவமனையாக மாறியது. போர் முடிந்த 1945ம் ஆண்டில்தான் அவர்களால் திரும்பி வர முடிந்தது. இதற்கிடையில் வீஸ்பாடன் நூலகத்தார், வான்குண்டுகளுக்கு அஞ்சி, 1942ம் ஆண்டு தங்கள் விலைமதிப்பற்ற ஏடுகளைக் கிழக்கே டிரெஸ்டன் நகருக்கு அனுப்பி ஒரு வங்கியின் நிலவறைப் பெட்டகத்தில் வைத்தார்கள். ஹில்டகார்டின் இரண்டு ஏடுகளும் அங்கே போயின. டிரெஸ்டன் பாதுகாப்பான ஊர் என்று அப்போது நினைத்தார்கள்.

1945 பிப்ரவரியில் அந்த ஊர் குண்டுகளால் எரிந்தது. பெட்டகம் தப்பியது. ஆனால் நகருக்குள் சோவியத் படைகள் வந்தபின் அதைத் திறந்து பார்த்தபோது பொருள்கள் போயிருந்தன. பேரேடு கிடைத்தது. ஓவிய ஏடு கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

அன்பு நெஞ்சங்களே, ஓவிய ஏட்டில் மூவொரு கடவுளைக் குறித்த ஒரு காட்சி உண்டு. ஒளிவட்டங்களுக்கு நடுவே நீலமணியின் நிறத்தில் ஒரு மனித உருவம் கைகளை ஏந்தி நிற்கும். அது எந்த நீலம் என்று கறுப்பு வெள்ளை நிழற்படம் நமக்குச் சொல்லாது. ஐபிங்கன் சகோதரிகள் தீட்டிய படி ஒன்றுதான் சொல்லும். இன்று உலகெங்கும் நூல்களிலும் செபப் படங்களிலும் நாம் காணும் ஸ்கீவியாஸ் வண்ண ஓவியங்கள் அந்தப் படியிலிருந்து வந்தவையே. போர் வரும் என்று தெரிந்து அவர்கள் எழுதவில்லை. ஓர் ஏட்டை அன்பு செய்தார்கள், அவ்வளவுதான்.

இறைவாக்கினர் எரேமியா நூலின் 36ம் அதிகாரம் இங்கே நம் நினைவுக்கு வருகிறது. எரேமியா சொல்லச் சொல்லப் பாரூக்கு எழுதிய சுருளை யோயாக்கிம் அரசன் துண்டு துண்டாக வெட்டிக் கணப்பு நெருப்பில் போட்டான். ஆண்டவர் அரசனோடு வாதாடிக்கொண்டிருக்கவில்லை. வேறொரு சுருளை எடுத்து மீண்டும் எழுதச் சொன்னார். பாரூக்கு எழுதினார், இன்னும் பல சொற்களும் அதில் சேர்ந்தன. நம் கையில் உள்ள எரேமியா நூல் எரிந்துபோன ஏட்டுக்குப் பின் எழுதியது. புனித பெனடிக்டின் ஒழுங்குநூலுக்கும் இதே கதைதான். அவர் தம் கையால் எழுதியதாகப் போற்றிவந்த படி, மொந்தே கசினோ துறவிகள் அடைக்கலம் புகுந்திருந்த தெயானோ நகரில் 896ம் ஆண்டு தீக்கு இரையாயிற்று. ஒழுங்குநூல் நமக்குக் கிடைத்திருப்பது படியெடுத்தவர்களால்.

கிடைத்த பேரேட்டின் கதையையும் சொல்லிவிட வேண்டும். போருக்குப் பின் டிரெஸ்டன் சோவியத் ஆட்சிப் பகுதியில் இருந்தது. ஏட்டைத் திருப்பித் தர அங்குள்ள அதிகாரிகள் இணங்கவில்லை. பெர்லினில் பழைய ஏடுகளை ஆராய்ந்துவந்த மார்கரெத்தே கியூன் என்ற பெண்மணி ஐபிங்கன் சகோதரிகளுக்குத் தெரிந்தவர். ஆய்வுக்கென்று அந்த ஏட்டை இரவலாகக் கேட்டு வாங்கினார். திருப்பி அனுப்ப வேண்டிய நாள் வந்தபோது, அதே போன்ற வேறொரு பழைய ஏட்டை அனுப்பிவிட்டார். அமெரிக்க வான்படை அதிகாரி ஒருவரின் மனைவியான கரோலின் வால்ஷ், 1948 மார்ச்சில் உண்மையான பேரேட்டை எல்லை கடத்தி ஐபிங்கன் மடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

இது ஏமாற்று வேலை அல்லவா என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான், எளிதில் தீர்த்துவிடவும் முடியாது. கியூன் அம்மையார் தம் வேலையையும் சுதந்திரத்தையும் பணயம் வைத்தார் என்பது உண்மை. எந்த நூலகத்துக்கு அந்த ஏடு சொந்தமோ அதனிடமே அது போய்ச் சேர்ந்தது என்பதும் உண்மை. எங்கள் தாயின் ஏடு, எங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லும் ஆசை சகோதரிகளுக்கு வராமலா இருந்திருக்கும்? மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் அகதிகளாக அதைக் காத்தவர்களின் வாரிசுகள் அவர்கள். ஆனாலும் அவர்கள் அதை வீஸ்பாடன் நூலகத்திடமே ஒப்படைத்தார்கள். இன்றும் அது அங்கேயே இருக்கிறது. இந்த ஒப்படைப்புதான் கதையில் நம்மை மிகவும் தொடுகிறது.

அடுத்து நடந்ததைப் பார்த்தால், இவ்வளவு பாடும் எதற்கு என்பது விளங்கும். ஹில்டகார்டின் நூல்களை உண்மையில் அவர்தான் எழுதினாரா, பிற்காலத்தவர் அவர் பெயரில் எழுதியதா என்ற ஐயத்தை 19ம் நூற்றாண்டு முதலே அறிஞர் சிலர் எழுப்பிவந்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெண் ஒருவரால் இதெல்லாம் எழுத முடியுமா என்ற நினைப்பும் அதற்குள் ஒளிந்திருந்தது. ஐபிங்கன் மடத்து அருள்சகோதரிகள் மரியான்னா ஷ்ராடர், அதெல்குண்டிஸ் ஃபியூர்க்யோட்டர் இருவரும் ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். எந்தக் கையெழுத்து எந்தக் காலத்தது, எந்த ஏடு ரூப்பெர்ட்ஸ்பெர்க்கிலேயே எழுதியது என்று ஒவ்வொன்றாக நிறுவி, 1956ம் ஆண்டு தங்கள் ஆய்வை நூலாக வெளியிட்டார்கள். ஐயம் நீங்கியது. ஏடுகள் அழிந்திருந்தால் எதை ஒப்பிட்டிருப்பார்கள்?

2012ம் ஆண்டு மே 10ம் நாள் திருத்தந்தை 16ம் பெனடிக்ட், ஹில்டகார்டின் வணக்கத்தை உலகத் திருஅவை முழுவதற்கும் விரிவாக்கினார். அதே ஆண்டு அக்டோபர் 7ம் நாள் அவரைத் திருஅவையின் மறைவல்லுநர் என அறிவித்தார். அவிலா தெரேசா, சியன்னா கத்தரின், குழந்தை இயேசுவின் தெரேசா ஆகியோருக்குப் பின் அந்தப் பெயரைப் பெற்ற நான்காவது பெண் அவர். மறைவல்லுநராக ஒருவரை ஏற்க, அவருடைய போதனை நம் கையில் இருக்க வேண்டும். அது அவருடையதுதான் என்று உறுதியாகவும் தெரிய வேண்டும். சங்கிலியோடு கிடந்த அந்த 15 கிலோ ஏட்டுக்கும் இதில் பங்கு உண்டு.

திருஅவையின் பண்பாட்டுச் சொத்துகளுக்கான திருப்பீட ஆணையம் 1997ம் ஆண்டு பிப்ரவரி 2ம் நாள் ஆயர்களுக்கு எழுதிய மடலில், காப்பகம் பேணுவதை மேய்ப்புப் பணியின் ஒரு பகுதியாகவே சொன்னது. இன்று ஐரோப்பாவில் பல பெண் துறவியர் மடங்கள் ஆள் இல்லாமல் மூடப்படுகின்றன. வயது முதிர்ந்த நான்கைந்து சகோதரிகள் வேறு இல்லத்துக்குப் போக வேண்டும், கட்டடத்தை ஒப்படைக்க நாள் குறித்தாயிற்று. அந்த அவசரத்தில் பூசைப் பாத்திரங்களுக்குப் பட்டியல் எடுப்பார்கள், தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் எடுப்பார்கள். கயிறு கட்டிய பழைய காகிதக் கட்டுகள் குப்பை வண்டிக்குப் போய்விடும் ஆபத்து அப்போதுதான். காப்பகம் அறிந்தவர்கள் அதனால்தான், ஆள் இருக்கும்போதே பட்டியல் எழுதுங்கள், நிழற்படத்தில் உள்ளவர் யார் என்று தெரிந்த சகோதரி உயிரோடு இருக்கும்போதே படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் பெயர் எழுதுங்கள் என்று வற்புறுத்துகிறார்கள். பேனா மை ஊறி முகத்தைக் கெடுத்துவிடும்.

நல்லெண்ணத்தால் வரும் கேடும் உண்டு. கிழிந்த தாளில் ஒட்டும் பசைநாடா சில ஆண்டுகளில் மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். பழைய தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் சூடேற்றி ஒட்டி லேமினேட் செய்தால் பிறகு பிரிக்கவே முடியாது. குண்டூசியும் இரும்புக் கிளிப்பும் துருப்பிடித்து ஓட்டை போடும். கணினியில் படம் எடுத்து வைத்தாயிற்று, இனி மூலம் எதற்கு என்று நினைப்பது எல்லாவற்றிலும் பெரிய தவறு. அந்தக் கணினிப் படத்தையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கருவிக்கு மாற்ற யாராவது இருக்க வேண்டும். தோல் தாளோ எண்ணூறு ஆண்டுகளாக யாருடைய கடவுச்சொல்லும் கேட்காமல் திறந்துகொண்டிருக்கிறது.

இதெல்லாம் மடங்களின் கவலை, பங்கு மக்களாகிய நமக்கு என்ன என்று நாம் இருந்துவிட முடியாது. திருஅவைச் சட்டத்தின் 535ம் எண், ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் இருக்க வேண்டும் என்கிறது. அவற்றை வைக்கப் பங்கில் ஒரு காப்பகம் இருக்க வேண்டும், ஆயர் பங்கைச் சந்திக்க வரும்போது அதைப் பார்வையிட வேண்டும், பழைய ஏடுகளையும் கவனமாகக் காக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அடுத்த முறை திருமுழுக்குச் சான்றிதழ் வாங்கப் பங்கு அலுவலகத்துக்குப் போகும்போது, அந்தப் பழைய பதிவேடு எந்த அலமாரியில் இருக்கிறது, சுவரில் ஈரம் கசிகிறதா, கறையான் ஏறியிருக்கிறதா என்று பங்குத்தந்தையிடம் நாம் அன்போடு கேட்கலாம். ஒரு நல்ல இரும்பு அலமாரி வாங்கித் தர ஓர் அன்பியத்தால் முடியும்.

அந்தப் பதிவேட்டில் கோவிலுக்கு வாரந்தோறும் வருகிறவரின் பெயர் இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவரின் பெயரும் அதே பக்கத்தில் இருக்கிறது. ஏதோ ஒரு நாள் அவர் வந்து, தம் பிறந்த ஆண்டையும் பெற்றோர் பெயரையும் சொல்லி, பாருங்கள் என்று நிற்கும்போது, அலுவலகத்தில் இருப்பவர் பக்கத்தைப் புரட்டி விரல் வைத்துக் காட்ட வேண்டும்.